ஆனிக் காற்றில் முகம் இழுக்கிறதா? கிரீம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

ஆனி பிறந்ததும் நெல்லைச் சீமையில் காற்றின் குணமே மாறிவிடும். பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலைகள் வேகமெடுக்கும். குற்றாலத்தில் சாரல் தூறிக்கொண்டிருக்க, அங்கிருந்து 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருநெல்வேலி டவுனில் கொடியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். துணிக்குச் செய்யும் அதே வேலையை அந்தக் காற்று முகத்துக்கும் செய்கிறது. கன்னம் இழுக்கும். உதடு வெடிக்கும். மூக்கின் ஓரம் செதில் செதிலாக உரியும்.

அப்போதுதான் மெடிக்கல் ஷாப்பில் இந்தப் பேச்சு கேட்கும்.

"அண்ணாச்சி, மூஞ்சி ஒரே இழுப்பா இழுக்கு. நல்ல கிரீமா ஒண்ணு தாங்க."

"இதக் கொண்டுபோய்ப் போடுங்கக்கா. எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாவ."

அரை நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். யாருக்கு, என்ன வகைச் சருமம், என்ன பிரச்னை என்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. அப்படி வாங்கிய டியூப் சில வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. சிலருக்கு முகம் முழுக்கப் பரு கிளப்புகிறது. இன்னும் சிலருக்கு அது மாய்ஸ்சரைசராகவே இருப்பதில்லை. சருமத்தை மெல்ல மெல்ல மெலியவைக்கும் ஸ்டீராய்டு மருந்தாக இருந்துவிடுகிறது.

விலையையோ விளம்பரத்தையோ பார்த்து மாய்ஸ்சரைசர் வாங்கக் கூடாது. உங்கள் முகத்துக்கு எது குறைகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை.

நெல்லை முகத்தை வாட்டும் காற்று

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலில் இருந்து ஈரத்தோடுதான் கிளம்புகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் இந்தப் பக்கம் வந்து சேர்கிறது. குற்றாலம், பாபநாசம் போன்ற மலையடிவாரங்களுக்குச் சாரல் கிடைக்கிறது. சமவெளிக்கு வருவது பெரும்பாலும் வேகமான உலர்ந்த காற்றுதான். நெல்லைக்கு நல்ல மழை என்பது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போதுதான்.

ஆக, சித்திரை, வைகாசியில் வெயில். ஆனியில் தொடங்கி ஆவணி வரை காற்று. மார்கழி, தையில் பனி. வருடத்தில் பாதிக்கு மேல் நெல்லைக்காரர்களின் முகம் ஏதோ ஒரு வகையில் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கிறது. பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள், வயலில் நிற்கிறவர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க ஏசி காற்றில் நிற்கும் பெண்கள் என எல்லோருக்கும் பிரச்னை ஒன்றுதான். காரணம் மட்டும் கொஞ்சம் வேறு.

குளத்தில் தண்ணீர் இல்லையா, கரை உடைந்திருக்கிறதா?

'டிரை ஸ்கின்', 'டீஹைட்ரேட்டட் ஸ்கின்' என்று இரண்டு பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் குளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் புரியும். குளத்துக்குத் தண்ணீர் வரத்துக் குறைந்துபோவது ஒரு பிரச்னை. கரை பலவீனமாகி, இருக்கும் தண்ணீரும் கசிந்து போவது வேறு பிரச்னை.

நம் தோலின் மேல்பரப்பில் 15 முதல் 20 அடுக்குச் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல இருக்கின்றன. செங்கல்லுக்கு இடையில் சாந்து பூசுவதுபோல, செல்களுக்கு இடையில் கொழுப்புப் பொருட்கள் நிரம்பியிருக்கின்றன. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும்தான் அந்தச் சாந்து. இந்தச் சுவரின் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே வராமலும் காப்பது இந்த மெல்லிய சுவர்தான்.

சாந்து குறைவாக இருந்தால் அது வறண்ட சருமம். பிறவியிலேயே சிலருக்கு இப்படி இருக்கும். வயது ஏற ஏற எண்ணெய்ச் சுரப்பு குறைந்து பலருக்கும் இப்படி ஆகும். முகம் முழுக்கச் சொரசொரப்பாக, செதிலாக, பளபளப்பே இல்லாமல் இருக்கும்.

மேலடுக்கில் தண்ணீர் குறைந்துவிட்டால் அது நீர்ச்சத்து குறைந்த சருமம். எண்ணெய் வழியும் முகத்துக்கும் இது வரும். காற்று, வெயில், ஏசி, அடிக்கடி சோப்பு போடுவது, பருவுக்காகப் போடும் மருந்துகள் என்று பல காரணங்கள் உண்டு. மூக்கும் நெற்றியும் மினுங்கும். ஆனால் கன்னம் இழுக்கும், சிரித்தால் மெல்லிய கோடுகள் தெரியும்.

இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை

மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். எதுவும் பூசாமல் அரை மணி நேரம் சும்மா இருங்கள். ஃபேனுக்கு நேரே உட்கார வேண்டாம். பிறகு கண்ணாடியில் பாருங்கள்.

நெற்றி, மூக்கு, கன்னம், தாடை எல்லாமே இழுத்து, செதில் தெரிந்தால் வறண்ட சருமம். கன்னம் மட்டும் இழுத்து, மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் மினுங்கினால் நீர்ச்சத்து குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். எங்குமே இழுக்கவில்லை என்றால் உங்களுக்கு விலை உயர்ந்த கிரீம் எதுவும் தேவையில்லை. காற்றுக் காலத்துக்கு லேசான லோஷன் ஒன்று போதும்.

'நிறையத் தண்ணீர் குடித்தால் முகம் சரியாகிவிடும்' என்று சொல்வார்கள். தாகத்துக்குத் தேவையான தண்ணீர் உடம்புக்கு அவசியம்தான். ஆனால், ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் இன்னும் 2 லிட்டர் சேர்த்துக் குடித்தால் அது கன்னத்து மேலடுக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. சுவரில் ஓட்டை இருக்கும்வரை ஈரம் நிற்காது. அந்த ஓட்டையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

டியூப்புக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது?

எந்த மாய்ஸ்சரைசராக இருந்தாலும் அதில் மூன்று வேலைகளைச் செய்யும் பொருட்கள் கலந்திருக்கும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் விளம்பரம் உங்களை ஏமாற்ற முடியாது.

முதலாவது, தண்ணீரைப் பிடித்து வைப்பவை. கிளிசரின், ஹையலூரோனிக் ஆசிட், யூரியா, பாந்தெனால் இந்த வகை. நீர்ச்சத்து குறைந்த சருமத்துக்கு இவைதான் முக்கியம். இவற்றில் பழையதும் மலிவானதும் கிளிசரின். புதுப் பெயர் கொண்டவை எல்லாம் அதைவிட உசத்தி என்று நினைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இடைவெளியை நிரப்பி மென்மையாக்குபவை. செராமைடு, ஸ்குவாலேன், ஷியா பட்டர், சில தாவர எண்ணெய்கள் இந்த வகை. சாந்து உதிர்ந்த சுவருக்கு இவை பூச்சு வேலை செய்கின்றன. வறண்ட சருமத்துக்கு இவை இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, மேலே மூடிபோல நின்று ஈரம் ஆவியாகாமல் தடுப்பவை. பெட்ரோலேட்டம், லிக்விட் பாரஃபின், டைமெத்திகோன் இந்த வகை. 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாஸ்லின்தான் பெட்ரோலேட்டத்தை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில் அதை மிஞ்சும் பொருள் இன்றுவரை அரிது. பிசுபிசுப்பு மட்டும்தான் அதன் குறை.

ஆற்றில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, அணைக்கட்டு கட்டி நிறுத்தினால்தான் வாய்க்காலில் பாயும். முகத்துக்கும் அப்படித்தான். கிளிசரினோ ஹையலூரோனிக் ஆசிட் சீரமோ மட்டும் பூசிக்கொண்டு ஆடிக் காற்றில் இறங்கினால், அது பிடித்து வைத்த ஈரத்தைக் காற்று கொண்டுபோய்விடும். மேலே ஒரு கிரீம் பூசி மூட வேண்டும். நம் ஊர்க் காற்றுக் காலத்துக்கு மூன்று வகையும் சேர்ந்திருக்கும் கிரீம்தான் சரி.

லேபிளில் பொருட்களின் பெயர் அளவு வரிசையில்தான் இருக்கும். அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது கடைசியில். அட்டையின் முன்பக்கம் 'செராமைடு' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அது வாசனைப் பொருளுக்கும் பின்னால், கடைசி இடத்தில் இருந்தால் அதன் அளவு மிகக் குறைவாகவே இருக்கும். செராமைடு கொஞ்சமாக இருந்தாலே வேலை செய்யக்கூடியது என்பதும் உண்மை. ஆனால் கிளிசரின் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

யாருக்கு எது?

எண்ணெய் வழியும், ஆனால் இழுக்கும் முகமா? ஜெல் அல்லது லேசான லோஷன் வாங்குங்கள். 'நான்-காமெடோஜெனிக்' என்று போட்டிருந்தால் துவாரங்களை அடைத்துப் பரு வரவைக்கும் வாய்ப்பு குறைவு. கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கும் இதுதான் பொருந்தும். 'எண்ணெய் முகத்துக்கு எதுக்கு மாய்ஸ்சரைசர்?' என்று விட்டுவிடுவதுதான் அவர்கள் செய்யும் தவறு.

முகம் முழுக்க வறண்டிருக்கிறதா? கிரீம் வாங்குங்கள். லோஷனில் தண்ணீர் அதிகம். கிரீமில் எண்ணெய்ப் பொருள் அதிகம். செராமைடும் கிளிசரினும் சேர்ந்தது நல்லது.

50 வயதைக் கடந்தவரா, அல்லது மார்கழியில் கன்னம் வெடிக்கிறவரா? பகலில் கிரீம், இரவில் வெடித்த இடத்தில் மட்டும் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி. காசு செலவில்லாத வழி இதுதான்.

சிவந்து எரியும் முகமா? வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று போட்டிருக்க வேண்டும். 'அன்சென்டெட்' என்றால் மணம் தெரியாமல் மறைப்பதற்கே வேறொரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'ஹெர்பல்', 'நேச்சுரல்' என்பதும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூலிகைச் சாறும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

யூரியா 10 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும் கிரீம்கள் பித்தவெடிப்புக் காலுக்கானவை. முகத்துக்கு வேண்டாம், எரியும்.

தண்ணீரும் சோப்பும் செய்யும் வேலை

சரியான கிரீம் வாங்கியும் முகம் இழுக்கிறது என்றால், குளியலறையைப் பாருங்கள்.

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீடுகள் கொடுத்துவைத்தவை. ராதாபுரம், திசையன்விளை பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கும் பல வீடுகளில் வாளியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். சோப்பு எளிதில் நுரைக்காது. அந்த உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகி, கழுவினாலும் போகாமல் தோலில் தங்குகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. கடினத் தண்ணீரில் கழுவும்போது சோப்புப் பொருள் தோலில் அதிகம் தங்கி எரிச்சலை உண்டாக்குகிறது, ஏற்கெனவே எக்ஸிமா உள்ளவர்களுக்குப் பாதிப்பு இன்னும் கூடுகிறது என்று அந்த ஆய்வு கண்டது.

இதற்கு மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. முகத்துக்குச் சோப்பைக் குறையுங்கள். உடம்புக்குப் போடும் சோப்பு எல்லாமே காரத்தன்மை கொண்டது. தோலின் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும்; சோப்புக்கு 9, 10 இருக்கும். 'டிஎஃப்எம் 76 சதவீதம், முதல் தர சோப்பு' என்று பார்த்து வாங்கினாலும் இந்தக் காரம் மாறாது. சோப்பு கலக்காத ஃபேஸ்வாஷ் ஒன்றை இரவில் ஒருமுறை போட்டால் போதும்; காலையில் வெறும் தண்ணீர். போர் தண்ணீர் வீடுகளில் கடைசியாக ஒரு செம்பு குடிநீரால் முகத்தை அலசுவது நல்ல பழக்கம். சுடுதண்ணீரை முகத்தில் ஊற்ற வேண்டாம்.

கடலைமாவு, எலுமிச்சை, சமையல் சோடா எல்லாம் வறண்ட முகத்துக்கு எதிரிகள். இருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெயையும் இவை உறிஞ்சிவிடும். எலுமிச்சையும் சோடாவும் எரிச்சலும் உண்டாக்கும்.

ஆச்சி சொன்ன எண்ணெய் சரியா?

'கிரீம் என்னத்துக்கு? தேங்கா எண்ணெயத் தடவுட்டீ!' என்று ஆச்சிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2004-ல் பிலிப்பைன்ஸ் டாக்டர்கள், தோல் வறட்சி உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்குத் தேங்காய் எண்ணெயும் இன்னொரு பிரிவினருக்கு மினரல் ஆயிலும் கொடுத்துப் பார்த்தார்கள். வறட்சியைக் குறைப்பதில் இரண்டும் சமமாகவே வேலை செய்தன.

மீதிப் பாதி என்ன? அவர்கள் தடவிப் பார்த்தது காலில். கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போடலாம். முகத்தில் துவாரங்களை அடைத்துப் பரு கிளப்பும் குணம் அதற்கு உண்டு. பரு வராத, நன்றாக வறண்ட முகத்துக்கு இரவில் ஈரத்தின் மேல் ஒன்றிரண்டு சொட்டு தடவிப் பார்க்கலாம். பரு வரும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். ஆலிவ் ஆயில் தோலின் சுவரைப் பலவீனப்படுத்துவதாக ஆய்வில் தெரிந்திருப்பதால், 'ஃபாரின் எண்ணெய்' என்று அதைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை.

கற்றாழையை உடைத்து அப்படியே முகத்தில் தேய்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் நிறப் பால் அரிப்பைத் தரும். அதை வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அதுவும் தண்ணீர் தருவதுதான். மேலே மூட ஒரு கிரீம் வேண்டும்.

இந்த டியூப்பை மட்டும் வாங்காதீர்கள்!

முகம் இழுக்கிறது என்று கிரீம் கேட்பவர்களில் பலர், 'கொஞ்சம் கலரும் குடுக்குறதா இருந்தா நல்லது' என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். ஆபத்து அங்கேதான் நுழைகிறது.

கிளோபெட்டாசால், பீட்டாமெத்தாசோன், மொமெட்டாசோன் ஆகிய மூன்றும் ஸ்டீராய்டு மருந்துகள். தோல் நோய்க்கு டாக்டர் சொன்ன நாள்கள்வரை போட வேண்டியவை. இவற்றை முகத்தில் போட்டால் ஒரே வாரத்தில் சிவப்பும் அரிப்பும் அடங்கி முகம் பளிச்சென்று தெரியும். அதை நம்பி மாதக்கணக்கில் போடும்போது தோல் காகிதம்போல மெலிகிறது. ரத்த நாளங்கள் சிவப்புக் கோடாகத் தெரிகின்றன. பருவும் பூனைமுடியும் வருகின்றன. நிறுத்தினால் முகம் தீயாய் எரிகிறது. அதனால் மறுபடி அதையே போடுகிறார்கள். இந்தப் பாதிப்புக்கு 'ஸ்டீராய்டால் பழுதான முகம்' என்றே தோல் மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இத்தகைய மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. டியூப்பில் 'ஆர்எக்ஸ்' குறி இருந்தால் அது மருந்து. அழகு கிரீம் அல்ல. அக்காவுக்கு டாக்டர் எழுதிய டியூப்பைத் தங்கச்சி எடுத்துப் போடக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்து திடீரென்று நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் டியூப்பைக் காட்டி அவர் சொல்கிறபடி விட வேண்டும்.

அடுத்தது பாதரசம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்தது இது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் 22 பேருக்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரகப் பாதிப்பு கண்டறியப்பட்டது. அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு துணை வகை இருந்தது. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் முகத்தைச் சிவப்பாக்கும் கிரீம் போட்டிருந்தார்கள். 'கிட்னி இன்டர்நேஷனல்' மருத்துவ இதழில் இந்த விவரம் வெளியானது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனையே நடத்தியது. முகத்தில் பூசுவது தோலோடு நின்றுவிடுவதில்லை. பாதரசம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வரை போகிறது. இப்படிப்பட்ட கிரீம் போடுகிறவருக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரையாகப் போனாலோ கிரீமை அன்றே நிறுத்திவிட்டு, டாக்டரிடம் கிரீமின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி கண்ணுக்கான அழகுப் பொருட்கள் தவிர மற்றவற்றில், தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. அதனால் வாங்கும்போது நான்கைப் பாருங்கள்: தயாரிப்பாளரின் முழு முகவரி, பேட்ச் எண், உரிம எண், காலாவதித் தேதி. வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் தொடாதீர்கள். 'ஏழே நாளில் சிவப்பழகு' என்று சொல்லும் எதுவும் மாய்ஸ்சரைசர் அல்ல.

போடும் முறை

புதுக் கிரீமை நேராக முகத்தில் போட வேண்டாம். முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் தினமும் 2 முறை, 7 முதல் 10 நாள்கள் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம்.

முகம் கழுவியதும் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பூசிவிடுங்கள். விலை உயர்ந்த கிரீமைக் காய்ந்த முகத்தில் பூசுவதைவிட, சாதாரண கிரீமை ஈர முகத்தில் பூசுவது மேல். பட்டாணி அளவில் இரண்டு எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். காலையில் அதன்மேல் சன்ஸ்கிரீன் போடுங்கள். பிறகு பைக்கில் ஏறுகிறவர்கள் துப்பட்டாவோ கைக்குட்டையோ கட்டிக்கொள்ளலாம்.

விலையைப் பார்க்கும்போது டியூப் விலையைப் பார்க்காமல், ஒரு கிராம் விலையைக் கணக்குப் போடுங்கள். நாளுக்கு 1 கிராம் என்று வைத்தால் 50 கிராம் டியூப் 50 நாள் வரும். தினமும் தாராளமாகப் போட முடியாத அளவுக்கு விலை இருந்தால், அது உங்களுக்கான கிரீம் அல்ல.

ஒரே நாளில் மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். தோலின் மேலடுக்கு புதுப்பிக்க ஏறக்குறைய 4 வாரம் ஆகும். அதுவரை கிரீமை மாற்றி மாற்றிப் போடாமல் ஒன்றிலேயே நில்லுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

4 வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றாலோ, வெடிப்பில் நீர் வடிந்தாலோ, அரிப்பில் தூக்கம் கெட்டாலோ டாக்டரைப் பாருங்கள். வறட்சியோடு உடல் சோர்வு, முடி உதிர்வு, எடை கூடுதல் இருந்தால் தைராய்டு பரிசோதனை தேவைப்படலாம். சர்க்கரை நோயும், பருவுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும்கூடத் தோலை வறளவைக்கும்.

குழந்தைகளின் கன்னத்தில் வெளிறிய திட்டுகள் தெரிந்தால் 'வயித்துல பூச்சி' என்று பூச்சி மருந்து கொடுப்பது நம் வழக்கம். பெரும்பாலும் அது பூச்சியால் வருவதில்லை. வறண்ட சருமத்தோடு சேர்ந்து வருவது. தொடர்ந்து மாய்ஸ்சரைசர் போட்டு, வெயிலைக் குறைத்தால் சில மாதங்களில் மெல்ல மறையும். ஆனால் எந்தத் திட்டிலாவது உணர்ச்சி குறைவாக இருந்தால் தாமதிக்காமல் காட்டிவிட வேண்டும். தொழுநோயின் ஆரம்ப அறிகுறியாகவும் அது இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கட்டணம் கிடையாது.

அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் நிற்கும்போது 'நல்ல கிரீமா ஒண்ணு தாங்க' என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "அண்ணாச்சி, வறண்ட முகத்துக்கு கிளிசரினும் செராமைடும் இருக்க மாய்ஸ்சரைசர் தாங்க. வாசனை வேண்டாம். ஸ்டீராய்டு இருக்கவே கூடாது."

கையில் வாங்கியதும் டியூப்பைத் திருப்பிப் படியுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆனிக் காற்று காத்திருக்கும்!